டெல்ஃபியா, ஒலிம்பஸ் அடிவாரமா? கிரேக்கப் பழந்தெய்வங்களின் பக்கத்தில் கூடாரம் போட நான்கு இடங்கள்

கோயில் இடிபாடுகளுக்கு நடுவே கூடாரம் போட்டு, நிலா வெளிச்சத்தில் தூண்களைப் பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை முதலில் விட்டுவிட வேண்டும். கிரீஸில் உரிமம் பெற்ற கேம்ப்சைட்டுக்கு வெளியே கூடாரம் அடிப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதம். தொல்லியல் வளாகங்களைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அதனால் எந்தக் கோயில் அழகு என்று கேட்பதைவிட, எந்தக் கேம்ப்சைட்டில் தங்கினால் பழைய யாத்ரீகர்கள் செய்ததற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போக முடியும் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

பழந்தெய்வ வழிபாட்டிலும் பழைய தத்துவத்திலும் ஒருசேர நாட்டம் உள்ளவர்களுக்குப் போட்டியில் நிற்பவை நான்கு: டெல்ஃபி, ஒலிம்பஸ் அடிவாரத்து டியோன், ஒலிம்பியா, எபிடவ்ரோஸ். மறைச்சடங்குகளுக்குப் பேர்போன எலியூசிஸ் இதில் சேராது. அது இன்றைக்குத் தொழிற்சாலை ஊர். ஏதென்ஸில் தங்கி ஒரு பகல் பஸ்ஸில் போய்வந்தால் போதும்.

டெல்ஃபி: படிக்கிறவர்களின் இடம்

பர்னாசஸ் மலைச்சரிவில், கடலிலிருந்து அறுநூறு மீட்டர் வாக்கில் இருக்கிறது ஊர். அப்போலோ என்ற தெய்வத்தின் பெயரால் பித்தியா என்ற பெண் குறி சொன்ன இடம் இது. 'உன்னை அறிந்துகொள்', 'எதுவும் மிகையாக வேண்டாம்' என்ற வாசகங்கள் பொறித்திருந்தது இந்தக் கோயில் முகப்பில்தான். சாக்ரடீஸைவிட அறிவாளி உண்டா என்று அவர் நண்பர் கைரெஃபோன் கேட்டதும் இங்கேதான். தத்துவ ஆசிரியர் புளூட்டார்க் இங்கே பூசாரியாகவே இருந்தவர். கோயிலில் தொங்கிய 'ஈ' என்ற எழுத்துக்கு என்ன பொருள் என்று ஒரு முழு உரையாடலையே எழுதி வைத்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் முன்னால் உட்கார்ந்து படிக்கலாம். மற்ற மூன்று இடங்களிலும் இந்த வசதி கிடையாது.

ஏதென்ஸின் லியோசியோன் பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். கேம்ப்சைட்டுகள் ஊருக்கு மேற்கே, இதேயா போகும் சாலையில். கோயிலோ ஊருக்குக் கிழக்கே. அதாவது காலையில் ஊரைத் தாண்டி ஏற்றத்தில் நடக்க வேண்டும். வளாகம் 8 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றுவிடுங்கள். ஏதென்ஸிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் பத்து, பத்தரைக்கு வந்து சேரும். அதற்குள் நேராக மேலே ஸ்டேடியம் வரை ஏறிவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே பார்ப்பதுதான் சரியான வழி. கீழிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு ஏறினால் மேலே போகும்போது வெயில் உச்சியில் இருக்கும். தெற்கு நோக்கிய சரிவு, பின்னால் செங்குத்துப் பாறைச்சுவர். அடுப்புக்குள் நிற்பது மாதிரிதான்.

கூடாரத்துக்கு இங்கே எதிரி தரை. படிப்படியாக வெட்டிய மலைநிலம், மேலே ஒரு விரற்கடை மண், கீழே கல். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் மூன்றாவது அடியிலேயே வளைந்துவிடும். ஆறிலிருந்து எட்டு இரும்பு முளைகள், ஆணி மாதிரி இருப்பவை, பதினைந்து முதல் பதினெட்டு செ.மீ. நீளத்தில் எடுத்துப்போங்கள். முளை இறங்கவே இல்லை என்றால் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கயிற்றின் நுனியில் சுருக்குப் போட்டு, அதற்குள் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, குச்சியின் மேல் தேங்காய் அளவு கல் ஒன்று, அதன் முன்னால் இன்னொரு பெரிய கல். கயிற்றை நேராகக் கல்லில் சுற்றினால் இரவுக் காற்றில் உரசி அறுந்துபோகும். குச்சி வைப்பது அதற்காகத்தான்.

குளிரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் பர்னாசஸ் மேலே மதுத் தெய்வமான தியோனிசஸுக்காக ஆடப்போன பெண்கள் பனிப்புயலில் மாட்டிக்கொள்ள, மீட்கப் போனவர்களின் மேலாடைகள் மரக்கட்டை போல விறைத்து, விரித்தபோது ஒடிந்தன என்று புளூட்டார்க்கே எழுதியிருக்கிறார். குளிர்காலத்தின் மூன்று மாதம் அப்போலோ ஊரில் இல்லை, தியோனிசஸ் ஆட்சி என்பது அவர்கள் கணக்கு. கூடாரக்காரர்களும் அதையே பின்பற்றலாம்: மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர்.

டெல்ஃபியில் இரண்டு இரவு தங்குகிறவர்கள் இரண்டாம் நாளை கோரிகியன் குகைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பர்களின் தெய்வமான பானுக்கும் நீரணங்குகளுக்கும் உரிய குகை. தாயக்கட்டையாக உருட்டிய ஆட்டுக் கணுக்கால் எலும்புகள் ஆயிரக்கணக்கில் அங்கே கிடைத்தன. பித்தியாவிடம் குறி கேட்கக் காசும் முறையும் வேண்டும், சாதாரண ஆடு மேய்ப்பவருக்கு இந்த எலும்புக் குறி போதுமானதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஊரின் மேல்கோடியிலிருந்து பழைய கற்பாதை ஏறுகிறது. போய்வர முழுப் பகல். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு, பிடிப்புள்ள அடிப்பகுதி கொண்ட ஷூ. குகைத்தரை ஈரமாக வழுக்கும். செருப்போடு உள்ளே போவதுதான் அங்கே நடக்கும் வழக்கமான தப்பு. இங்கே வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

டியோன்: வழிபடுகிறவர்களின் இடம்

தத்துவம் இரண்டாம் பட்சம், தெய்வம்தான் முக்கியம் என்பவர்களுக்கு டெல்ஃபியைவிட டியோன் மேல். ஒலிம்பஸ் மலைக்குக் கீழே, வானுக்கும் இடிக்கும் தெய்வமான ஒலிம்பிய ஜீயஸின் புனிதத் தலம். மாசிடோனிய மன்னன் ஆர்க்கெலாவோஸ் ஜீயஸுக்கும் கலைத்தேவியருக்கும் இங்கே ஒன்பது நாள் திருவிழா வைத்தான். ஆசியப் படையெடுப்புக்கு முன் அலெக்சாண்டர் அந்த ஒன்பது நாளைக் கொண்டாடியபோது நூறு சாய்வுக்கட்டில்கள் கொள்ளும் கூடாரம் ஒன்றைப் போட்டான் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ். கூடாரத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இன்றைய நிலவரமும் அப்படித்தான். ஹெலனியப் பழமதத்தைக் கிரேக்க அரசு 2017-இல் அறியப்பட்ட மதமாக ஏற்றது. அந்த மதத்தாரில் பலர் கோடையில் கூடும் ப்ரொமிதியா விழா நடப்பது ஒலிம்பஸ் அடிவாரத்து லிதோஹோரோவில், பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில். அந்த வாரம் கேம்ப்சைட்டில் முன்பதிவு இல்லாமல் போவது சரியல்ல.

கேம்ப்சைட்டுகள் எல்லாம் கடற்கரையில், பிளாகா பக்கம். தரை மென்மையானது, முளை சுலபமாக இறங்கும். அதனாலேயே சுலபமாகப் பிடுங்கிக்கொண்டும் வரும். கடற்காற்றுக்கு அகலமான முளைகள் வேண்டும், டெல்ஃபி ஆணிகள் இங்கே பயன்படாது. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் கரையை ஒட்டியே ஓடுகின்றன. காதடைப்பான் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரிவது விடிந்து ஒரு மணி நேரத்துக்குத்தான். அதன்பின் மேகம் போர்த்திவிடும். வழிபாட்டுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது.

டியோன் வளாகம் சமதளம், மரநிழல், ஊற்றுநீர். எகிப்தியத் தெய்வம் இசிஸின் கோயில் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. சிலைகளின் நகல்கள் அங்கே, அசல்கள் அருங்காட்சியகத்தில். 1992-இல் தோண்டி எடுத்த, தண்ணீர் அழுத்தத்தால் ஒலிக்கும் பழைய இசைக்கருவியான நீர் ஆர்கனும் அங்கேதான் இருக்கிறது. கூட்டம் டெல்ஃபியில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். குறை என்று சொன்னால் கொசு. சதுப்பு நிலம், பொழுது சாய்ந்தால் படையெடுக்கும். முழுக்கை, முழுக்கால் சட்டை, பூசிக்கொள்ளும் மருந்து இல்லாமல் போகாதீர்கள்.

மலை ஏறுவது தனிக் கணக்கு. லிதோஹோரோவிலிருந்து 18 கி.மீ. சாலையில் பிரியோனியா (1,100 மீட்டர்). அங்கிருந்து இரண்டரை, மூன்று மணி நேர ஏற்றத்தில் சுமார் 2,100 மீட்டரில் மலைவிடுதி. கூடாரத்தைக் கீழேயே விட்டுவிட்டு விடுதியில் படுக்கை பதிவு செய்வது நல்லது. எல்லோரும் மிதிகாஸ் (2,918 மீட்டர்) உச்சிக்கே ஓடுகிறார்கள். அதன் கடைசிப் பகுதி கைகளால் பற்றி ஏறும் பாறை. மேலே போகிறவர்கள் உருட்டிவிடும் கல் கீழே வருபவர் தலையில் விழும், ஹெல்மெட் அவசியம். ஆனால் பழங்காலத்தில் ஜீயஸுக்குப் பலியிட்ட சாம்பலும் எலும்பும் நாணயங்களும் கிடைத்தது மிதிகாஸில் இல்லை. 2,800 மீட்டருக்கு மேல் உள்ள அயியோஸ் அந்தோனியோஸ் என்ற உருண்டை முகட்டில். நடந்தே போகலாம், பாறை ஏற வேண்டியதில்லை. வழிபாட்டுக்கு என்று போகிறவர்கள் மிதிகாஸுக்கு ஆசைப்பட்டு உயிரைப் பணயம் வைப்பது வீண். எந்த முகடானாலும் நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் இடி மின்னல் கூடும். இடிக்குக் கடவுள் யார் என்று அந்த மலையில் யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒலிம்பியா: கூடாரக்காரர்களின் மூதாதையர் ஊர்

கூடார வாழ்க்கையின் தத்துவத்தை நினைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பழைய ஒலிம்பிக் போட்டிக்கு வந்தவர்கள் வெட்டவெளியில் கூடாரம் போட்டுத்தான் கிடந்தார்கள். வெயிலில் வேகவில்லையா, நெரிசலில் நசுங்கவில்லையா, குளிக்க வழியின்றித் தவிக்கவில்லையா, மழையில் நனையவில்லையா, இருந்தும் பொறுத்துக்கொள்கிறீர்களே என்று ஒலிம்பியாவை வைத்துத்தான் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸ் மனவுறுதிக்குப் பாடம் எடுத்தார். பழைய தத்துவவாதி தேலீஸ் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது வெப்பத்திலும் தாகத்திலும் இறந்தார் என்பது தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டியோகெனெஸ் லேயர்டியஸ் எழுதி வைத்த செய்தி. பிளேட்டோ இங்கே முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூடாரத்தில் தங்கினார், பெயர் பிளேட்டோ என்று மட்டும் சொன்னார், சாக்ரடீஸைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஏதென்ஸ் வந்த அவர்கள், உங்கள் பெயரே கொண்ட சாக்ரடீஸின் சீடரைக் காட்டுங்கள் என்று அவரிடமே கேட்டார்கள் என்று பழைய எழுத்தாளர் ஏலியன் சொல்கிறார்.

கதைகள் இத்தனை இருந்தும் தங்குமிடமாக டெல்ஃபிக்குப் பின்தான் வருகிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதால் ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம். 2007 காட்டுத்தீ வளாகத்தின் விளிம்பு வரை வந்தது. ஈக்களை விரட்டும் ஜீயஸுக்குப் புராண வீரன் ஹெராக்ளிஸ் இங்கே பலியிட்டார் என்று பழைய பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதுகிறார். அந்தத் தேவை இன்னும் தீரவில்லை. கட்டாக்கோலோ துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்த நாளில் முற்பகல் முழுக்கக் கூட்டம் இருக்கும். ஏப்ரல் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்றால் தாராளமாகப் போகலாம்.

எபிடவ்ரோஸ்: தூங்குவதே சடங்கு

மற்ற இடங்களில் கூடாரம் போடுவது தங்குவதற்கு. இங்கே தூங்குவதுதான் வழிபாடு. நோயாளிகள் குளித்து, படையல் வைத்து, அபாதோன் என்ற மண்டபத்தில் படுப்பார்கள். கனவில் மருத்துவத் தெய்வம் அஸ்கிலீபியோஸ் வந்து குணப்படுத்துவார் அல்லது மருந்து சொல்வார். குணசீலத்தில் மண்டலம் தங்கும் வழக்கம் தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டாம். படைத்ததை வளாகத்துக்குள்ளேயே உண்டுவிட வேண்டும் என்ற விதியும் நம்மூர்க் கிராமக் கோயில்களில் கேட்டதுதான். ஒரு கண் தெரியாத அம்ப்ரோசியா என்ற ஏதென்ஸ் பெண் குணமானவர்களின் கதைகளை நம்பாமல் சிரித்தாளாம். குணமாக்கினால் அறியாமைக்கு அடையாளமாக வெள்ளிப் பன்றி ஒன்று காணிக்கை தர வேண்டும் என்று தெய்வம் கனவில் கேட்டதாம், அங்கே கிடைத்த கல்வெட்டு சொல்கிறது.

சாக்ரடீஸ் கடைசியாகச் சொன்னது அஸ்கிலீபியோஸுக்கு ஒரு சேவல் கடன் என்பதுதான். ரோமப் பேரரசரும் தத்துவவாதியுமான மார்கஸ் அவுரேலியஸும், அஸ்கிலீபியோஸ் ஒருவனுக்குக் குளிர்ந்த நீர்க் குளியலை விதிப்பதுபோல இயற்கை நமக்குத் துன்பத்தை விதிக்கிறது என்று எழுதினார். தத்துவத் தொடர்பு குறைவில்லை. கேம்ப்சைட்டுகள் பழைய எபிடவ்ரோஸ் கடற்கரையில், ஆரஞ்சுத் தோப்புகளுக்குள். நான்கிலும் நிழலும் தூக்கமும் நன்றாக வாய்ப்பது இங்கேதான். கோயில் வளாகம் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல், வண்டி வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளி, சனி இரவுகளில் பழைய அரங்கில் நாடகம் நடக்கும். அந்த நாளில் சாலை நெரிசலும் கேம்ப்சைட் வாடகையும் ஏறும்.

எங்கே போனாலும்

கேஸ்: விமானத்தில் எடுத்துப்போக முடியாது. சின்ன ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது துளையிட்டுப் பொருத்தும் 190 கிராம் குப்பிகள். உங்கள் அடுப்பு திருகிப் பொருத்தும் வகை என்றால் ஏதென்ஸிலோ தெசலோனிகியிலோ மலையேற்றக் கடையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடுப்பு இருக்க கேஸ் பொருந்தாமல் பட்டினி கிடப்பதுதான் இந்தப் பயணங்களில் அடிக்கடி நடப்பது.

நெருப்பு: மே 1 முதல் அக்டோபர் 31 வரை காட்டுத்தீ தடைக்காலம். வெட்டவெளியில் தணல் மூட்டி சாம்பிராணி போடுவதும் இதில் அடங்கும். பழந்தெய்வத் துதிகளான ஓர்ஃபிக் பாடல்கள் பெரும்பாலான தெய்வங்களுக்கும் தூபம் குறித்து வைத்திருக்கின்றன என்று சொல்லிக் காவலரிடம் தப்ப முடியாது. நெருப்பில்லாத படையலே கைகொடுக்கும்: சின்னக் கிண்ணத்தில் ஐம்பது மில்லி பால், ஒரு ஸ்பூன் தேன், கலக்கி மண்ணில் வார்ப்பது. பழைய முறையே அது. கூடாரத்திலிருந்து இருபது அடி தள்ளி வார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் எறும்பு உள்ளே வந்துவிடும்.

வளாகத்துக்குள் கல்லின் மேல் எதையும் ஊற்றக் கூடாது, எதையும் வைக்கக் கூடாது. காவலர் விசில் ஊதுவது சும்மா இல்லை: எண்ணெயும் ஒயினும் சலவைக்கல்லில் ஊறினால் கறை போகாது. சடங்கு செய்யப் பண்பாட்டு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். கைகளை உயர்த்தி மனதுக்குள் வேண்டிக்கொள்வதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

நாள் பார்ப்பவர்களுக்கு: அப்போலோவுக்கு உரியது மாதத்தின் ஏழாம் நாள், பித்தியா குறி சொன்னதும் அன்றுதான். பிறை தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் அது நம் பஞ்சாங்கத்தின் வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வரும். டெல்ஃபிக்கு அந்த நாளில் போனால் இரவில் பாதி நிலா இருக்கும். கூடாரம் போடத் தலைவிளக்கு தேவைப்படாது.

முதல் தடவை, நான்கு நாள்தான் இருக்கிறது, வண்டி இல்லை என்றால் டெல்ஃபி, மே மாதம். பழமதத்தைப் பின்பற்றுகிறவர்களைச் சந்திக்க வேண்டும் என்றால் ஜூன் கடைசியில் டியோன். குழந்தைகளோடு என்றால் எபிடவ்ரோஸ், செப்டம்பரில், நாடகக் கூட்டம் கலைந்தபின்.