நேரியல் உருமாற்றம்: சிராங்கூன் சாலைத் துணைப்பாட வகுப்பு

எச்2 ஃபர்தர் மேத்ஸ் (சிங்கப்பூர் ஏ நிலைத் தேர்வின் மேல்நிலைக் கணிதப் பாடம்) எடுக்கும் தொடக்கக்கல்லூரி மாணவர்களை இவ்வகுப்புக்குத் தயங்காமல் அனுப்பலாம். ஒரு விதி நேரியல் உருமாற்றமா, அதாவது கூட்டலையும் மாறிலிப் பெருக்கலையும் அப்படியே காக்கிறதா என்று அறிய, பூஜ்ஜிய வெக்டர் பூஜ்ஜியத்துக்கே போகிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். (அ, ஆ) → (அ+1, ஆ) அங்கேயே விழுந்துவிடும். நேர்கோடு தரும் 2அ+3 கூட அப்படித்தான். பலர் இடறும் இடம்.

அந்தச் சோதனையில் தேறினால் மட்டும் போதாது என்று காட்டுவதே இவ்வகுப்பின் பலம். (அ, ஆ) → (அ×ஆ, அ) தேறிவிடும். ஆனால் (1, 1) தருவது (1, 1). இரட்டித்த (2, 2) தருவதோ (4, 2). (2, 2) வந்திருக்க வேண்டும். மறுக்க இந்த ஓர் உதாரணம் போதும். நிறுவுவதற்கு எண்கள் உதவா. பொதுவான இரு வெக்டர்களை வைத்துக் கூட்டலையும் மாறிலிப் பெருக்கலையும் சரிபார்க்க வேண்டும்.

ஒரு குறை: பல்லுறுப்புக்கோவைகளை வகையிடுவதும் நேரியல் உருமாற்றம்தான் என்பதை வாய்வார்த்தையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதன் அணியை (மேட்ரிக்ஸ்) எழுதிக் காட்டுவது அவசியம்.