கொல்லாமை: சமணத்தின் கணக்கும் பௌத்தத்தின் கணக்கும்
இரண்டுமே கொல்லாமையை முதல் நோன்பாக வைக்கின்றன. பிச்சைப் பாத்திரத்தில் ஊன் விழும்போதுதான் வழி பிரிகிறது. தனக்காகக் கொன்றதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு அதை உண்ணலாம் என்கிறது தேரவாத (பௌத்தத்தின் ஒரு பழைய பிரிவு) விநயம், அதாவது துறவியர் ஒழுக்க நூல். அங்கே எண்ணமே வினை.

சமணம் எண்ணத்தோடு நிற்பதில்லை. ஆடையும் துறந்த திகம்பரப் பிரிவு முனிவர் உட்காருமுன் மயிற்பீலியால் தரையை மெல்ல வருடிச் சிற்றுயிர்களை விலக்குகிறார். சிற்றுயிர்கள் சாகும் என்பதால் இல்லறத்தாரிலும் பலர் உருளைக்கிழங்கு, வெங்காயம் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் உண்பதுமில்லை. (எனக்கு இது ஒரு வாரம்கூடத் தாங்காது.)

ஆனாலும் தர்க்கத்தில் சமணமே வலுவானது என்பேன். தின்பவர் இல்லாவிட்டால் ஊன் விற்பவரும் இல்லை என்னும் 256ஆம் குறள், பௌத்தரின் சலுகையைத்தான் குத்துவதாகப் படுகிறது. இட்டதை உண்பதே துறவு என்று பௌத்தர் சொல்லும் பதிலில் நியாயம் உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்குபவருக்கு அது உதவாது.