'எந்த ரிமோட்டையும் காப்பி எடுக்கும்' என்று விற்கிறார்கள், காசு கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கீழக்கரையில் ஒரு வீட்டில் டிவி, கேபிள் பாக்ஸ், துபாயிலிருந்து வந்த ஹோம் தியேட்டர் மூன்றுக்கும் ஒரே ரிமோட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் டவுனில் ஒரு கடையில் 850 ரூபாய் வாங்கிக்கொண்டு, அட்டையில் 'லேர்னிங்' (வேறு ரிமோட்டின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும்) என்று அச்சடித்த ரிமோட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். பில்லுக்குப் பதில் துண்டுச்சீட்டு. வீட்டில் ஹோம் தியேட்டரின் ஒரு பட்டன்கூட ஏறவில்லை. திரும்பக் கொண்டுபோனதற்கு, "உங்க செட்டு வெளிநாட்டுது பாய், அதான் எடுக்கல" என்று கையை விரித்துவிட்டார்கள்.

செட்டில் குறை இல்லை. ரிமோட்டைப் பிரித்தால் விஷயம் தெரிந்தது. முன்பக்கம் இரண்டு பல்பு. ஒன்று சிக்னல் அனுப்பும் எல்இடி. அசல் ரிமோட்டின் சிக்னலை வாங்குவதற்கென்று காட்டிய கறுப்பு பல்பின் இரண்டு காலும் ஈயமே படாமல் வெறும் ஓட்டையில் செருகிக் கிடந்தன. அப்பட்டமான ஏமாற்று இது.

அப்படியானால் கடையில் எப்படி வேலை செய்தது? அந்த ரிமோட்டுக்குள் பிரபலமான டிவி கம்பெனிகளின் கோடுகள் (பட்டனுக்குரிய சிக்னல் குறியீடுகள்) முன்கூட்டியே இருக்கின்றன. ரிமோட்டில் உள்ள 'செட்' (SET) பட்டனை அழுத்திப் பிடித்தால் அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும். அந்த நேரம் விளக்கு மின்னும். அசல் ரிமோட்டை எதிரே நீட்டிக்கொண்டு "பாருங்க, காப்பி ஆகுது" என்பார்கள். கடை டிவி அணைந்ததும் நாமும் நம்பிவிடுவோம்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. அசல் ரிமோட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டிலும் புது பேட்டரி இருக்கட்டும். வெயில் விழாத இடத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே இல்லாமல், இரண்டு ரிமோட்டையும் மூக்கும் மூக்குமாக 3 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். செட் பட்டனைப் பிடித்து விளக்கு நிலையாக எரிந்ததும், புது ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்துங்கள். பிறகு அசலில் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மின்னி ஏற்றுக்கொண்டால் மறுபடி செட் பட்டனை அழுத்துங்கள். இனி சிவப்பு பட்டன் சத்தத்தைக் கூட்ட வேண்டும். முன்கூட்டியே போட்ட கோடுகள் மட்டும் உள்ள ரிமோட்டால் இதைச் செய்யவே முடியாது. ரிமோட்டில் ஓடும் சீலிங் ஃபேன் வீட்டில் இருந்தால் அந்த ரிமோட்டையும் கொண்டுபோய்ச் சோதியுங்கள். டிவி கோடு பட்டியலில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

அதோடு பேட்டரியைக் கழற்றி, ஏதாவது ஒரு பட்டனை அழுத்திவிட்டு, 10 நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவானவற்றில் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நல்ல ரிமோட்டாலும் முடியாதவை உண்டு. அவற்றுக்கும் "ஆகும் ஆகும்" என்று தலையாட்டி விற்கிறார்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில். இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) சிக்னலை வாங்கும் ரிமோட்டுக்கு அது எட்டாது. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் டெம்பரேச்சர், மோட், ஃபேன் வேகம் எல்லாவற்றையும் ஒரே நீளமான கோடாக அனுப்பும். பல ரிமோட்டுகளுக்கு அந்த நீளம் கொள்ளாது, கொண்டாலும் பதிந்த அந்த ஒரே டெம்பரேச்சர்தான் போகும். 'ஒரே பட்டனில் எல்லாம் ஆன்' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. பல செட்டுகளில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே கோடு. டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மற்றதை ஆன் செய்யும்.

டிவி பவரும் வால்யூமும் மட்டும் போதுமென்றால் முதலில் உங்கள் கேபிள் ரிமோட்டைப் பாருங்கள். பலவற்றில் 'டிவி' என்று தனியாகக் கட்டம் கட்டிய நாலைந்து பட்டன்கள் இருக்கும். அவை உண்மையாகவே லேர்னிங் பட்டன்கள். தனியாக ரிமோட் வாங்கவே வேண்டாம்.

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் உள்ளவர்கள் பேட்டரி ஸ்பிரிங்கையும் பாருங்கள். முலாம் மெல்லியதாக இருந்தால் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறிவிடும். அப்புறம் ரிமோட் விட்டுவிட்டு வேலை செய்யும்.

ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் எம்ஆர்பியும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லையென்றால் அதுவே தனிக் குற்றம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.