ஸ்கேனர், பிரின்டர், மென்பொருள்: சேலத்தில் பல் சீரமைப்பு கற்றுக்கொடுப்பவரின் நீண்டகால அனுபவம்

சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பல் சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். (பட்டமேற்படிப்பு) மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஜனங்கள் வழக்கில் சொன்னால், கிளிப் போடும் துறை. வாய்க்குள் வைத்துப் பதிவு செய்யும் ஸ்கேனர், மாடல் அச்சிடும் 3டி பிரின்டர், எக்ஸ்-ரேயில் அளவெடுக்கத் தேவையான புள்ளிகளைத் தானாகவே குறிக்கும் மென்பொருள் ஆகிய மூன்றையும் சில வருடங்களாகப் புழங்கி வருகிறோம். இவற்றின் வேகத்தையும் நோயாளிக்குக் கிடைக்கும் வசதியையும் பற்றி விற்பவர்களே நிறையச் சொல்லிவிட்டார்கள். பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் இவை எப்படி உழைக்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: மாணவர் செய்த தவறை அவர் கண்ணாலேயே பார்க்க இந்தக் கருவி உதவுகிறதா?

ஸ்கேனர் அதில் நன்றாகவே தேறுகிறது. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் அளவெடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, மறுநாள் டிரிம் செய்ய உட்காரும்போதுதான் கடைசிக் கடைவாய்ப்பல் சரியாகப் பதியாதது தெரியவரும். அதற்குள் நோயாளி ஆத்தூருக்கோ ஏற்காட்டுக்கோ பஸ் ஏறிப் போயிருப்பார். ஸ்கேனரில் விடுபட்ட இடம் அப்போதே திரையில் ஓட்டையாகத் தெரிகிறது. நாற்காலியில் ஆள் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம். குமட்டல் அதிகம் உள்ள குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் ஆல்ஜினேட்டை நாங்கள் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. படித்து முடித்து ஓமலூரிலோ வாழப்பாடியிலோ சின்ன கிளினிக் வைக்கும் மாணவருக்கு முதல் நாளே ஸ்கேனர் கிடைக்காது. சேலத்து வெயிலில் ஆல்ஜினேட் எவ்வளவு சீக்கிரம் இறுகும், குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் எவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதெல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. ஸ்கேனரிலும் பழக்கம் தேவைதான். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முழு வளைவையும் பதிவு செய்யும்போது, படங்களை ஒன்றோடொன்று கோக்கும் இடங்களில் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். கையை எந்த வரிசையில் நகர்த்த வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரோ அப்படியே நகர்த்தச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

ஸ்கேனரை நான் மனதாரப் பாராட்டுவது வேறொரு காரணத்துக்காக. நெருக்கமாகவோ துருத்தியோ இருக்கும் வாயில் முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மூடுகிறோம். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. இடம் கிடைக்கும். சிகிச்சை முடிவில் இடம் மூடியிருக்கும், மாணவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் முன்பற்கள் பின்னால் வந்து மூடியது எவ்வளவு, பிடிமானமாக வைத்திருந்த கடைவாய்ப்பல் முன்னால் நழுவி மூடியது எவ்வளவு? பிளாஸ்டர் மாடல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. முதல் ஸ்கேனையும் கடைசி ஸ்கேனையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் பளிச்சென்று தெரிகிறது. "பிடிமானம் நழுவவில்லை சார்" என்று உறுதியாகச் சொன்ன மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் அடுத்த கேஸுக்குப் போடும் திட்டத்தையே மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். விரிவுரையில் எத்தனை முறை சொன்னாலும் இந்த மாற்றம் வராது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பொருத்து என்று பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான மென்பொருள்கள் எல்லாப் பற்களையும் சேர்த்துச் சராசரியாகப் பொருத்திவிடும். நகர்ந்த பற்களையே ஆதாரமாக வைத்துப் பொருத்தினால் நகர்வு குறைவாகத்தான் தெரியும். நகராத இடம் ஒன்று வேண்டும். மேல்தாடையில் அண்ணத்து மடிப்புகள் இருக்கின்றன. அவற்றிலும் மூன்றாவது மடிப்பின் உட்புற முனை ஓரளவு நிலையானது என்பதால் அதைச் சுற்றியுள்ள பகுதியை வைத்துப் பொருத்துகிறோம். கீழ்த்தாடையில் அப்படி நம்பத்தக்க இடம் எதுவும் ஸ்கேனில் கிடைப்பதில்லை. அங்கே பக்கவாட்டு எக்ஸ்-ரேயைத்தான் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வண்ண வரைபடங்களோடு வரும் ஆய்வுக் கட்டுரைகளை நான் மாணவர்களிடம் கொடுத்து, எதை ஆதாரமாக வைத்துப் பொருத்தினார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வேன். நல்ல பயிற்சி அது.

எக்ஸ்-ரே மென்பொருளுக்கு என் மதிப்பெண் குறைவு. தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்-ரே எடுக்கும் முறையை அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் 1931-ல் வெளியிட்டார்கள். அன்று முதல் பல தலைமுறை மாணவர்கள் பென்சிலும் டிரேசிங் தாளுமாகக் கற்ற வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் செய்துவிடுகிறது. இத்தகைய மென்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுகளில் பொதுவாக, சரியான இடத்திலிருந்து 2 மி.மீ.க்குள் புள்ளி விழுந்தால் வெற்றி என்று கணக்கு. 2015-ல் நடந்த சர்வதேசப் போட்டியில் 400 எக்ஸ்-ரேக்களில் 19 புள்ளிகளை இப்படித்தான் சோதித்தார்கள். ஆராய்ச்சிக்கு அந்த எல்லை சரி. நோயாளிக்குச் சரியா என்று நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மூக்கின் வேரில் உள்ள நேசியான் (N) புள்ளிக்கும் மேல்தாடையின் முன்பக்கத்து ஏ (A) புள்ளிக்கும் இடையே சுமார் 60 மி.மீ. தூரம். ஏ புள்ளி முன்னாலோ பின்னாலோ 1 மி.மீ. தள்ளிப்போனால் மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று காட்டும் எஸ்.என்.ஏ. கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறும், மேல்-கீழ்த் தாடைகளின் உறவைக் காட்டும் ஏ.என்.பி. கோணமும் கூடவே மாறும். 2 மி.மீ. தள்ளினால் 2 டிகிரி. ஸ்டைனர் வகுத்த அளவீட்டு முறையில் ஏ.என்.பி.யின் இயல்பான அளவே 2 டிகிரிதான். ஆக, 'வெற்றி' என்று எண்ணப்பட்ட புள்ளியே நோயாளியின் தாடை உறவைத் தவறாகச் சொல்லிவிடலாம்.

அதனால் எங்கள் துறையில் முதலாண்டு மாணவர் கையால் டிரேஸ் செய்வார். இடைவெளி விட்டு, முதல் தாளைப் பார்க்காமல் அதே எக்ஸ்-ரேயை மறுபடி டிரேஸ் செய்வார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டால்பெர்க் 1940-ல் தந்த சூத்திரத்தில் போட்டுத் தன் பிழை எவ்வளவு என்று எழுதுவார். அப்புறம்தான் மென்பொருளைத் திறக்கலாம். கைதேர்ந்தவர்களுக்கே குழப்பம் தரும் போரியான் (காதுத் துளையின் மேல் விளிம்பு), கோனியான் (கீழ்த்தாடையின் மூலை) போன்ற இடங்களில் மென்பொருளும் தடுமாறுவதை அப்போது அவர்களே கண்டுகொள்கிறார்கள். பிளவுதடு, அண்ணப்பிளவு கேஸ்களில் அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

பிரின்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாடல் நன்றாக வருகிறது, அலமாரி அலமாரியாகப் பிளாஸ்டர் பெட்டிகள் அடுக்க வேண்டியதில்லை. ரெசின் வாடை உண்டு, கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பாதியில் கரன்ட் போனால் அச்சிட்டது வீண் என்பதால் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். மெழுகில் பல் பதித்த பயிற்சி மாடலான டைப்போடான்ட்டில் கம்பி வளைத்துப் பல் நகர்த்திப் பழகுவதற்கு மாற்றாக இது எதையும் தரவில்லை.

இனி எங்கள் ஊருக்கென்றே உள்ள ஆராய்ச்சி. சேலம், தர்மபுரி பக்கத்துப் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கான ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பல் எனாமல் உருவானவர்கள் பலர் இன்று கிளிப் போட வருகிறார்கள். ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பாதிப்பு) உள்ள எனாமலின் மேற்பரப்பு ஆசிடுக்கு எளிதில் இளகாது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டுமுன் எனாமலைச் சொரசொரப்பாக்க (எட்ச்சிங்), வழக்கமான 37 சதவீதப் பாஸ்பாரிக் ஆசிடை வழக்கமான நேரம் வைத்தால் பிராக்கெட் சீக்கிரம் கழன்றுவிடும். எந்தப் பல்லில், எப்போது, எவ்வளவு நேர எட்ச்சிங்குக்குப் பின் பிராக்கெட் கழன்றது என்று ஒரு சாதாரண நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். பல்லில் மிஞ்சிய பசையை, ஆர்டூனும் பெர்க்லாண்டும் 1984-ல் வகுத்த 0 முதல் 3 வரையான அளவுகோலில் இரண்டு பேர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். இருவரும் ஒத்துப்போகாத இடம்தான் அன்றைய வகுப்பு. செலவு ஒரு நோட்டுதான். ஆய்வுத் தலைப்புக்காகத் தவித்த மாணவர்களுக்கு இந்த நோட்டிலிருந்தே கேள்விகள் கிடைத்தன.

புதிதாக வாங்கும் துறைகளுக்கு என் பரிந்துரை: முதலில் ஸ்கேனர், அடுத்து பிரின்டர், புள்ளி குறிக்கும் மென்பொருள் கடைசியாக. ஸ்கேனர் வாங்கும்போது கோப்புகளை எஸ்.டி.எல். என்ற பொது வடிவில் கட்டணமில்லாமல் வெளியே எடுக்க முடியுமா, ஆண்டுச் சந்தா நின்றால் பழைய பதிவுகள் திறக்குமா, வாய்க்குள் போகும் முனையை எத்தனை முறை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடலாம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சை இரண்டு வருடம் ஓடும்; முதல் நாள் ஸ்கேன் கடைசி நாளில் திறக்காவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடு எதையும் செய்ய முடியாது.