மளிகைக் கடை வெள்ளை வினிகர்: சேலத்துக் கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்றதா?

மளிகைக் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வெள்ளை வினிகரைக் கொண்டு, கடல்நீர் மீன்தொட்டியில் மீன் கழிவால் ஏறிக்கொண்டே போகும் நைட்ரேட்டையும் அதைத் தின்று தழைக்கும் முடிப்பாசியையும் கட்டுப்படுத்த முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். நல்ல ஸ்கிம்மர் (நீரிலுள்ள கழிவை நுரையோடு பிரித்து வெளியேற்றும் கருவி) இரவும் பகலும் ஓடும் தொட்டியாக இருந்தால், பாக்டீரியாவுக்கு உணவாக ஊற்றும் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்பன் திரவங்களுக்கு இணையாக இது வேலை செய்கிறது. ஸ்கிம்மர் இல்லாத தொட்டிக்கு இதை வாங்கவே வேண்டாம். ஆனால் வெளிநாட்டு அளவு அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொண்டு சேலத்தில் ஊற்றினால் கணக்குத் தவறும். அதற்கான காரணங்களை விரித்துச் சொல்வதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நான் இதைப் பயன்படுத்தும் தொட்டி சுமார் 300 லிட்டர் கொள்ளும். கோமாளி மீன்களும் வேறு சில சிறு மீன்களும் ஒரு சில மென்பவளங்களும் அதில் உள்ளன. சேலத்திலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால், இங்கே கடல்நீர் என்பது ஆர்.ஓ. தண்ணீரில் இறக்குமதி உப்பைக் கரைத்து நாமே உண்டாக்கும் நீர்தான். நைட்ரேட் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) இருக்கும் தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் அது 30க்குத்தான் இறங்கும்; 10க்குக் கொண்டுவர வேண்டுமானால் முக்கால் பங்கை ஒரேயடியாக மாற்ற வேண்டியிருக்கும். நல்ல நீரைவிடக் கழிவுநீரை அதிகமாக வெளியே தள்ளும் ஆர்.ஓ. கருவியைக் கோடையில் அத்தனை நேரம் ஓட்டுவது, தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் மனம் ஒப்பாத செயல்.

நைட்ரேட் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்பவளங்கள் யாவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக் கல்லை எடுப்பதும் விற்பதும் குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதனால் நம் பக்கத்துத் தொட்டிகளில் பெரும்பாலும் செராமிக் கல்லோ வார்த்துச் செய்த கல்லோதான் கிடக்கிறது. நுண்துளைகள் குறைந்திருந்தால் அத்தகைய கல்லுக்குள், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வாழ்ந்து நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு இடமும் குறைவு, உணவும் குறைவு. வினிகர் அந்த உணவைத் தருகிறது.

வினிகர் பாசியை நேரடியாகக் கொல்வதில்லை. அதிலுள்ள அசிட்டிக் அமிலம் பாக்டீரியாக்களுக்கு எளிதில் செரிக்கும் கார்பன். மீன்தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்து கிடக்க, பாக்டீரியா பெருகுவதற்குக் கார்பன்தான் தட்டுப்பாடாக இருக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டை நீக்கினால் அவை பெருகி, பெருகும்போதே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தம் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. பெருகியவற்றில் ஒரு பகுதியை ஸ்கிம்மர் நுரையோடு சேர்த்துக் கோப்பைக்கு ஏற்றி வெளியே தள்ளுகிறது. சேலத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக் கழிவுநீர் ஓர் ஓடையில் கலந்தால் என்ன ஆகிறது என்பதை நாம் பார்த்தும் முகர்ந்தும் அறிந்தவர்கள்: கார்பன் மிகுந்த உணவு கிடைத்ததும் பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. அதே விதியைத்தான் மீன்தொட்டியில் சொட்டுச் சொட்டாக, நம் கட்டுப்பாட்டில் நடத்துகிறோம். அளவு மீறினால் தொட்டியும் அந்த ஓடையைப் போலத்தான் ஆகும்.

இனி புட்டியைப் பற்றி. நம் நாட்டில் வெள்ளை வினிகர் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்து செய்யப்படும் செயற்கை வினிகர். அப்படிச் செய்யப்பட்டது என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. சமையலுக்கு அது குறையாக இருக்கலாம். தொட்டிக்கு அது நன்மை. தண்ணீர், அசிட்டிக் அமிலம் (ஐ.என்.எஸ். 260 என்றும் குறிப்பார்கள்) என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் சேர்மானப் பட்டியலில் இல்லாத புட்டியையே எடுக்க வேண்டும். கேரமல் நிறம் சேர்த்த பழுப்பு வினிகர், ஆப்பிள் வினிகர், நறுமணம் சேர்த்துத் தரை துடைக்க விற்கும் வினிகர் ஆகியவை வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையின் மொத்த மளிகைக் கடைகளிலும் பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இந்தத் தெளிந்த வகை தடையின்றிக் கிடைக்கிறது. மலிவு என்று எண்ணிச் சாயப்பட்டறைக்கு விற்கும் அடர்த்தியான அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் நீர்க்கச் செய்யும் வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடும், அதில் வேறு என்ன மாசு கலந்திருக்கிறது என்பதற்கும் உறுதி இல்லை.

மிக முக்கியமானது அமிலத்தின் அளவு. அமெரிக்க அட்டவணைகள் எல்லாம் 5 சதவீத வினிகரை வைத்து எழுதப்பட்டவை. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருந்தால் போதும் என்பதால், இங்கே கிடைக்கும் புட்டிகள் பலவற்றில் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இதே வேலைக்குச் சிலர் ஊற்றும் 40 சதவீத வோட்கா 1 மி.லி.க்கு 5 சதவீத வினிகர் 8 மி.லி. சமம் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, 4 சதவீத வினிகருக்கு வரும்போது 10 மி.லி. ஆகிவிடுகிறது. குறைவான வீரியம் ஆபத்தில்லைதானே என்று தோன்றலாம். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 4 சதவீதப் புட்டியில் பழகி ஓர் அளவில் நிலைத்தவர், அடுத்த முறை வேறு நிறுவனத்தின் 5 சதவீதப் புட்டியை வாங்கி அதே அளவை ஊற்றினால், ஒரே நாளில் கார்பனைக் கால் பங்கு உயர்த்திவிடுகிறார். ஆகவே ஒரு புட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதையே தொடர்வதும், மாற்ற நேர்ந்தால் புட்டியில் உள்ள சதவீதத்தைப் பார்த்து அளவைத் திருத்துவதும் கட்டாயம்.

நான் 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1 மி.லி. என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் இன்னொரு மி.லி. கூட்டி, ஒவ்வொரு வாரமும் நைட்ரேட்டைச் சோதித்தபடி ஏறினேன். முதல் சில வாரங்களில் எந்த மாற்றமும் தெரியாது. பொறுமை இழந்து அளவை இரட்டிப்பாக்குவோர் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிறகு ஸ்கிம்மர் கோப்பையில் சேரும் கழிவு அடர்ந்து கறுக்கிறது, நைட்ரேட் திடீரென்று இறங்கத் தொடங்குகிறது. இறங்கத் தொடங்கிய உடனே அளவைக் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். என் தொட்டி 100 லிட்டருக்கு 10 மி.லி. என்ற அளவில் நின்றபோது நைட்ரேட் 10 பி.பி.எம். சுற்றி நிலைத்தது. அதற்கும் கீழே, 2 பி.பி.எம். வரை இறக்கலாம், பூஜ்யத்தை நோக்கி ஓட்டக் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் வற்றிய தொட்டியில் முடிப்பாசி போய், அதைவிடக் கொடிய டைனோஃபிளாஜெலேட் என்னும் கோழைப் படலம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பவளங்கள் வெளிறும்.

பாஸ்பேட்டைப் பொறுத்தவரை வினிகர் எனக்குத் தந்த பலன் குறைவு. கடல் நுண்ணுயிர்கள் 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு என்ற விகிதத்தில் இரண்டையும் எடுத்துக்கொள்கின்றன. எடைக்கணக்கில் 10 பி.பி.எம். நைட்ரேட் குறைந்தால் சுமார் 1 பி.பி.எம். பாஸ்பேட் குறைந்திருக்க வேண்டும். தொட்டியில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் நைட்ரேட்டின் ஒரு பகுதி பாஸ்பரசைத் தொடாமலே நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடுகிறது. கல்லும் மணலும் தம்மிடம் ஒட்டியிருந்த பாஸ்பேட்டை நீருக்குத் திருப்பித் தருகின்றன. ஆகவே பாஸ்பேட்டை ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு ஊடகத்தைச் சிறிதளவு தனியே வைத்து, அதை 0.1 பி.பி.எம்.க்குக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. முடிப்பாசியும் எண்கள் இறங்கிய உடனே மறைந்துவிடவில்லை. கையால் பிடுங்குவதும் டர்போ நத்தைகளை மேயவிடுவதும் தொடர்ந்தன. பிடுங்கிய இடத்தில் மீண்டும் முளைக்கவில்லை என்பதுதான் வினிகர் செய்த உதவி. தொட்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

சேலத்தின் வெயிலையும் மின்தடையையும் கணக்கில் எடுக்காத எந்த அறிவுரையும் இங்கே பயன்படாது. கடல்நீர் 25 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 6.2 மில்லிகிராம்தான். 1 கிராம் அசிட்டிக் அமிலம் முழுமையாகச் செரிக்கப்பட்டால் 1 கிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் செலவாகும். 100 லிட்டருக்கு 10 மி.லி. என்ற அளவில் நாம் ஊற்றுவது லிட்டருக்கு 4 மில்லிகிராம் அமிலம். அதில் ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாக மாறிவிடுகிறது என்றாலும், எஞ்சியது கேட்கும் ஆக்சிஜன் தொட்டியின் மொத்த இருப்போடு ஒப்பிட அற்பமானதல்ல. காலையில் ஒரே மூச்சில் ஊற்றாமல், சிறுகச் சிறுக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் வைத்து விளக்கு எரியும் பகல் நேரம் முழுவதும் பிரித்துச் செலுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பம்ப் இல்லாதவர்கள் சிரிஞ்சில் அளந்து இரண்டு மூன்று வேளையாக, சம்ப் என்னும் துணைத் தொட்டியில் நீரோட்டம் மிகுந்த இடத்தில் விடலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வினிகரே கூடாது. ஸ்கிம்மரும் நீரைச் சுழற்றும் வேவ்மேக்கரும் நின்றிருக்கும் தொட்டியில் அன்று பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பது மீனின் மூச்சைப் பறிப்பதாகும். அறிவிப்பு வந்தால் முந்தைய மாலையிலேயே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள், குளிர்ந்த ஊர் என்பதால் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணுகிறார்கள். சேர்வராயன் மலையில் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் அழுத்தத்தில் ஆறில் ஐந்து பங்குதான் இருக்கும்; நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். மலைமேல் 25 பாகையில் இருக்கும் தொட்டி, கீழே சேலத்தில் 30 பாகையில் இருக்கும் தொட்டியைவிடச் சற்றுக் குறைவான ஆக்சிஜனையே தாங்குகிறது. மலைவாசிகளும் அளவை மெதுவாகவே உயர்த்த வேண்டும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வோட்காவில் கார்பன் அடர்த்தி மிக அதிகம். நம் மாநிலத்தில் விற்கும் 42.8 சதவீத வகையின் 1 மி.லி. நம் 4 சதவீத வினிகர் 11 மி.லி.க்குச் சமம். ஒரு சொட்டு கூடினாலும் அளவு எங்கோ போய்விடும் என்பதாலும், சயனோ என்னும் சிவப்புப் படலம் அதனால் அதிகம் வருகிறது என்று பயன்படுத்தியோர் பலர் சொல்வதாலும் எனக்கு அதில் விருப்பம் இல்லை. பயோபெல்லட் எனப்படும் திடக் கார்பன் உருண்டைகளுக்குத் ரியாக்டர் என்னும், நீர் ஓடும் தனிக் குடுவை வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றால் அந்த ரியாக்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நச்சு வாயு உண்டாகலாம். ரெட் சீ நிறுவனத்தின் நோபாக்ஸ் போன்ற ஆயத்தத் திரவங்களின் நன்மை, வீரியம் புட்டிக்குப் புட்டி மாறாமல் இருப்பதும் தெளிவான அளவுக் குறிப்போடு வருவதும்தான். கணக்குப் போட விரும்பாதவர்களுக்கும் சிறு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் அந்த விலை தகும்.

வினிகர் அமிலம் என்பதால் பி.எச். சற்றுச் சரியும்; சன்னலை மூடிக் குளிர்சாதனம் ஓட்டும் அறையில் இன்னும் சரியும். பி.எச். ஏற்கெனவே 7.8க்குக் கீழே இருக்கும் தொட்டியில், அதைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். பி.எச். சரியாமல் தாங்கும் காரத்தன்மையை 7 முதல் 8 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) அளவில் வைத்துக்கொள்வது நல்லது. சத்துக் குறைந்த நீரில் காரத்தன்மை உயர்ந்தால் பவளங்களின் நுனிகள் கருகும். பம்புகளின் வாயில் வெள்ளைக் கோழை படிவதோ நீர் பால்போலக் கலங்குவதோ தெரிந்தால் அளவைப் பாதியாகக் குறைத்து, நீர் தெளியும் வரை ஸ்கிம்மருக்கு மேலும் காற்று கொடுக்க வேண்டும். முழுவதும் நிறுத்த முடிவு செய்தாலும் ஒரே நாளில் நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். இல்லையென்றால் பாக்டீரியாக் கூட்டம் மடிந்து, அது விழுங்கி வைத்திருந்ததெல்லாம் நீருக்குத் திரும்பி, முடிப்பாசி மீண்டும் முளைத்துவிடும்.