சிங்கநெஞ்சன் ரிச்சர்ட்: கதையிலும் வரலாற்றிலும்

கதையில் வரும் இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட், காட்டுக் கொள்ளையன் ராபின் ஹூட் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் நல்ல ராஜா. வரலாற்று ரிச்சர்டோ 1189 முதல் 1199 வரை பத்தாண்டு ஆண்டும், இங்கிலாந்தில் தங்கியது மொத்தமே ஆறு மாதம் போல. மற்ற நாளெல்லாம் சிலுவைப்போர், சிறை, பிரான்சில் சண்டை. இன்னொன்று, பழைய ராபின் ஹூட் பாடலில் வரும் அரசன் பெயர் எட்வர்ட்! ரிச்சர்ட் பின்னால் நுழைந்தவர்.

சிறைக் கதையைப் பாருங்கள். சிறைப்பட்ட ராஜாவைத் தேடி, பாணன் புளொந்தேல் கோட்டை கோட்டையாகப் பாடித் திரிகிறான். ஒரு சுவருக்குள்ளிருந்து அடுத்த அடியை ராஜாவே பாடுகிறார். அழகான கதைதான். ஆனால் 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டவரை மீட்டது பாட்டு அல்ல, பணம். பேசிய தொகை 1,50,000 மார்க் (அக்கால வெள்ளிப் பணக் கணக்கு). குடிமக்கள் வருமானத்தில் கால்பங்கு வரி, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்கள், சிஸ்டெர்சியன் துறவிகளின் ஆட்டுரோமம்கூடப் போனது. எனக்கு அந்தப் பாத்திரங்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

வீரம் இரண்டிலும் உண்டு. சிலுவைப்போரில், அர்சூஃப் என்ற இடத்தில் முஸ்லிம் சுல்தான் சலாவுதீனை வென்றது நிஜம். அதற்குச் சில வாரம் முன், 1191 ஆகஸ்டில், ஏக்கர் (Acre) என்ற துறைமுக நகரில் சுமார் 2,700 கைதிகளை வெட்டச் சொன்னவரும் அவரே. கதை இதைத் தொடுவதில்லை. எனக்கு வரலாற்று ரிச்சர்டே முக்கியம்; அந்தக் கைதிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.