தொட்டாலே திறக்கும் கார் ரிமோட்: கவரா, புதுச் சாவியா, சுவிட்சா?

எங்கள் வீட்டு வண்டி டிஎன் 31, அதாவது கடலூர் பதிவுள்ள சின்ன செடான். இஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சாவிதான் தொட்டாச்சிணுங்கி. பாக்கெட்டில் கைக்குட்டை உரசினால் கதவு திறக்கும். வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் மண்டபத்துக்கு வெளியே டிக்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் "அந்த வெள்ளை வண்டி யாருதுங்க?" என்று மைக்கில் கூப்பிடும் அளவுக்குப் போனது. அதன் பிறகுதான் என்னென்ன வழி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கவர் மாட்டலாம், பேட்டரியைக் கழற்றிவிடலாம், புதுச் சாவி வாங்கலாம், உள்ளே இருக்கும் சுவிட்சை மட்டும் மாற்றலாம். நான் கடைசி வழிக்குப் போனவன். அதனால் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

கதவு தானாகத் திறந்துகொள்வது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. ரிமோட்டில் திறந்துவிட்டு யாரும் கதவைத் தொடாமல் இருந்தால், அரை நிமிடம் போலக் கழித்துப் பல கார்கள் தாமாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். டிக்கி அப்படியில்லை. ஒருமுறை விடுபட்டால் யாராவது போய் அடித்து மூடும் வரை திறந்தே கிடக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். அதனால் ஏதாவது உள் வீதியில் நிறுத்திவிட்டு நடப்போம். நிறுத்தி, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போடும் அந்த நொடியில்தான் பட்டன் அமுங்கும். காந்தி சிலை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தால்தான் தெரியும். சில கார்களில் திறக்கும் பட்டன் அழுந்தியபடியே இருந்தால் கண்ணாடிகளும் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சிலிக்கான் கவர் இந்த விஷயத்தில் உபகாரத்துக்குப் பதில் உபத்திரவம்தான். சாவியைத் தடிமனாக்கிவிடுவதால் இறுக்கமான பாக்கெட்டில் பட்டன் இன்னும் நன்றாக அமுங்குகிறது. பட்டனுக்கு மேல் மூடி வைத்த கெட்டியான கவர் என்றால் பரவாயில்லை. ரிமோட் நன்றாக இருந்து, பாக்கெட்டில்தான் பிரச்சினை என்பவர்களுக்கு அதுவே போதும்.

பேட்டரியைக் கழற்றுவது எனக்கு இரண்டாவது பிடித்த வழி. அப்பா ஓட்டும்போது இன்னும் அப்படித்தான். பெரும்பாலான ரிமோட்களில் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரிதான் இருக்கும், சிலவற்றில் 2025 அல்லது 1620. அதை எடுத்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். சரியான சாவி இல்லாமல் இஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர். சாவிக்குள் இருக்கும் அதன் சிப்புக்குப் பேட்டரி வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு இடைஞ்சல்கள். ரிமோட்டில் பூட்டிய வண்டியைச் சாவி போட்டுத் திறந்தால் சில மாடல்களில் அலாரம் அலறும். அப்புறம் கதவுத் துவாரம். வருடக்கணக்கில் சாவி நுழையாத துவாரம் நம் ஊர் உப்புக் காற்றில் இறுகிப்போயிருக்கும். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். கிராபைட் தூள் போடுவது நல்லது.

புதுச் சாவி என்றதும் நிறையப் பேர் "தலைவலி விட்டது" என்று நினைக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகாததற்குச் செலவு மட்டும் காரணமில்லை. காருடன் வந்த இரண்டு சாவிகள்தான் காரணம். கார் திருடு போய் க்ளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தாலோ, ஒன்று வெளியில் செய்த நகலாக இருந்தாலோ கேள்வி மேல் கேள்வி வரும். விற்கும்போதும் இதே கதைதான். பழைய கார் வாங்க வருபவர் டயரைப் பார்ப்பதற்கு முன்பே "ரெண்டு சாவியும் இருக்கா?" என்பார். இல்லையென்றால், மூன்றாவது ஆள் ஒருவரிடம் சாவி இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் விலையைக் குறைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் கேட்பேன்.

ஷோரூமில் வாங்கினால் முறையாக வரும். ஆர்சி, அடையாள அட்டை காட்டவேண்டும், செலவு ஆயிரங்களில் போகும், சாவி வரும்வரை காத்திருக்கவேண்டும். வெளியே நகல் போடும் கடையில் ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான இணைப்புத் துளை) கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவார்கள். சில கார்களில் அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவி நினைவிலிருந்து அழிந்துவிடும் என்பதால் இரண்டு சாவிகளையும் எடுத்துப்போக வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரிமோட்டில் இன்னொரு வம்பு. இங்கே கார் ரிமோட்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். அமெரிக்கா, ஜப்பான் சந்தைக்கான 315 வந்து சேர்ந்தால் அழகு பார்க்கத்தான் உதவும்.

இப்போது சுவிட்ச். ரிமோட்டைப் பிரித்தால் ரப்பர் பட்டனுக்குக் கீழே போர்டில் அரிசி நொய் அளவுக்குக் கருப்பு மூக்கோடு சின்னச் சுவிட்சுகள் இருக்கும். அந்த மூக்குக்கு அடியில் ஒரு மெல்லிய உலோகக் குமிழ். அமுக்கினால் "டிக்" என்று மடங்கி, விட்டால் எழும்பவேண்டும். பல வருடம் அமுக்கி அமுக்கிக் குமிழ் தளர்ந்துவிட்டால் லேசாகப் பட்டாலே இணைப்பு விழும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அமுக்காமலே விழும். புதுப் பேட்டரி சில வாரங்களிலேயே தீர்ந்தால், ஏதோ ஒரு பட்டன் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு சிக்னல் அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம். எங்கள் சாவியில் டிக்கி பட்டனில் அந்த "டிக்" சத்தமே வராது. மேஜையில் வைத்து விரலால் தடவினால் சிவப்பு விளக்கு மினுக்கும்.

லாரன்ஸ் ரோடு பக்கம் செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் மூன்று சுவிட்சுகளையும் எடுத்துவிட்டுப் புதுச் சுவிட்சுகளை ஈயம் வைத்துப் பொருத்திக் கொடுத்தார். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார். செலவு சில நூறு ரூபாய். "அண்ணே, பழசு ரொம்ப சாஃப்ட்டா இருந்துச்சு, இது கொஞ்ச நாள் கெட்டியா இருக்கும்" என்றார். கெட்டியாகத்தான் இருக்கிறது, அதுதானே வேண்டும். போர்டு, சிப், சாவித்தகடு எல்லாம் பழையதே என்பதால் மறுபதிவு தேவைப்படவில்லை. காருக்கு அது அதே சாவிதான். இன்சூரன்ஸ்காரருக்கும் அதேதான்.

கூடு உடைந்திருந்து அதையும் மாற்றினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல ஃபிளிப் சாவிகளில் (பட்டனை அமுக்கினால் தகடு வெளியே விரியும் மடக்குச் சாவி) இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. கூட்டின் ஓரத்தில் தனியாகச் சொருகப்பட்ட சின்னக் கருப்புத் துண்டாக இருக்கும். லாஸ்பேட்டையில் இருக்கும் மச்சான், 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் நனைந்த ரிமோட்டுக்குப் புதுக் கூடு போட்டார். கதவு ஜம்மென்று திறந்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சிப் பழைய கூட்டோடு கடைக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. நல்லவேளை, அன்றைக்கே போய்க் கிளறி எடுத்துவிட்டார்கள்.

சாவியைத் துவாரத்தில் போடாமலே பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் கீ வண்டிக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் வைத்திருந்ததில்லை. புது சுவிட்ச் போட்ட பிறகு ஒரு மழைக்காலம்தான் போயிருக்கிறது. இதுவரை டிக்கி தானாகத் திறக்கவில்லை. வேலை கொடுக்கும்போது எதிரிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் வண்டி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்கள், இஞ்சினையும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவியில் பேட்டரி கசிந்திருக்கிறதா என்பதையும் அப்படியே அவரிடம் காட்டிவிடலாம்.